மயக்கத்தில் கிடக்கும் குதிரையின் மூச்சும் ஒட்சிசனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் குதிரைகள் அதிகமில்லை. பொலிஸ் குதிரைப் பிரிவு, சவாரி பழக்கும் லாயங்கள், பந்தயத்துக்கென வளர்ப்பவர்கள், சொந்த ஆசைக்கு ஒன்றிரண்டு வைத்திருக்கும் வீடுகள், அவ்வளவுதான். ஆனால் குதிரையைப் படுக்கவைத்து ஒரு சத்திரசிகிச்சை செய்ய வேண்டும் என்று வந்துவிட்டால் எல்லோரும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். உரிமையாளர்களும் லாயத்தில் வேலை செய்பவர்களும் கால்நடை மருத்துவ மாணவர்களும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். மருந்துகளின் அளவு வரும் இடங்கள் விளங்கிக்கொள்வதற்காக மட்டுமே. ஊசியைக் கையில் எடுப்பது கால்நடை வைத்தியரின் வேலை.

நாய்க்கும் பூனைக்கும் தினமும் மயக்க மருந்து கொடுக்கிறார்கள். குதிரைக்கு மட்டும் ஏன் இவ்வளவு பயம்?

குதிரையின் உடம்பு நின்றபடி வாழ அமைந்தது. 500 கிலோ எடையுள்ள ஒரு குதிரையின் பெருங்குடலும் குருட்டுக்குடலும் சேர்ந்து 100 லீற்றருக்கு மேல் கொள்ளும். நிற்கும்போது அந்தப் பாரம் வயிற்றுச் சுவரில் தொங்குகிறது. நுரையீரல் அதற்கு மேலே, முதுகுப் பக்கமாக, தாராளமாக விரிந்து கிடக்கிறது. மல்லாக்காகப் புரட்டினால் எல்லாம் தலைகீழாகிவிடும். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைச் சுவரான பிரிமென்றகடு, குதிரையில் நெஞ்சுக்குள் வெகுதூரம் சரிந்து ஏறி நிற்கும். குடலின் பாரம் அந்தச் சரிவின் மேல் விழுந்து, நுரையீரலின் பெரிய பகுதியை அடியில் வைத்து நசுக்கும். நம் நெஞ்சில் ஒரு அரிசி மூட்டையை வைத்துவிட்டு மூச்சு விடச் சொன்னால் எப்படியிருக்கும், அந்த நிலைமைதான்.

இதற்கு மேல் மயக்க மருந்தும் சேருகிறது. அது மூளையின் மூச்சு மையத்தை மந்தமாக்கும், தசைகளைத் தளர்த்தும், இரத்த அழுத்தத்தையும் இறக்கும். மூன்றும் ஒரே நேரத்தில் நடப்பதால்தான் குதிரை மயக்கம் கடினமான வேலையாகிறது.

உண்மையில் எத்தனை குதிரைகள் இறக்கின்றன?

2002இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வு 41,824 மயக்கங்களைக் கணக்கெடுத்தது. ஏழு நாட்களுக்குள் இறந்தவை 1.9 சதவீதம். கொலிக் எனப்படும் வயிற்றுக்குத்துக்கான சத்திரசிகிச்சைகளைக் கழித்தால் 0.9. இறந்தவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுக்கு இதயம் நின்றிருந்தது, நாலில் ஒன்று எழும்பும்போது எலும்பை முறித்துக்கொண்டது. 2021இல் அதே முறையில் வந்த புதிய கணக்கில் மொத்தம் 1.0 சதவீதமாகவும், கொலிக் அல்லாதவற்றில் 0.6 ஆகவும் குறைந்திருந்தது. முன்னேற்றம்தான். இருந்தாலும் ஆரோக்கியமான மனிதருக்கான மயக்கத்தோடு ஒப்பிட்டால் இது பல மடங்கு அதிகம்.

சுத்தமான ஒட்சிசன் கொடுத்தும் குருதியில் ஏறவில்லை என்கிறார்களே, அது எப்படி?

மாணவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். நின்றுகொண்டிருக்கும் ஆரோக்கியமான குதிரை சாதாரணக் காற்றை இழுக்கும்போது நாடிக் குருதியில் ஒட்சிசனின் அழுத்தம் சுமார் 100 மில்லிமீற்றர் இரசம். முழுக்க ஒட்சிசனையே கொடுத்தால் கணக்குப்படி அது 500ஐத் தாண்ட வேண்டும். மல்லாக்காகக் கிடக்கும் பெரிய குதிரையில் 100 கூட வராமல் போவதுண்டு. சிலவற்றில் 60க்கும் கீழே இறங்கும்.

காரணம், நசுங்கிய பகுதியில் காற்றறைகள் மூடிக்கொள்வது. குருதியோ பாய்வதை நிறுத்தவில்லை. மூடிய அறைகளைச் சுற்றி ஓடும் குருதி ஒட்சிசனைத் தொடாமலே, வந்தபடியே இதயத்துக்குத் திரும்பி நல்ல குருதியோடு கலந்துவிடுகிறது. திறந்திருக்கும் அறைகளில் நீங்கள் எவ்வளவு ஒட்சிசன் நிரப்பினாலும் இந்தக் கலப்பை ஈடுசெய்ய முடியாது. சிவப்பணுக்கள் ஏற்கெனவே நிறைந்துவிட்டன, அதற்கு மேல் அவை சுமக்கப்போவதில்லை. ஆகவே சிலிண்டர் நிறைய இருக்கிறது என்பதை வைத்து யாரும் நிம்மதியடையக் கூடாது. எந்த நிலையில் கிடத்துகிறோம், எவ்வளவு நேரம் கிடத்துகிறோம் என்ற இரண்டும்தான் பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கின்றன.

உடம்பின் அளவும் இதில் விளையாடும். நெடுந்தீவில் திரிபவை போன்ற சிறிய குதிரைகளுக்குப் பாரம் குறைவு, நுரையீரல் தாக்குப்பிடிக்கும். பெரிய உடம்பு, சினைப்பட்ட வயிறு, வாயு நிறைந்து உப்பிய கொலிக் வயிறு என்றால் நிலைமை மோசம்.

அப்படியென்றால் பக்கவாட்டில் கிடத்தினால் போதுமா?

மல்லாக்கை விட நல்லது. அடியில் கிடக்கும் நுரையீரல் அப்போதும் நசுங்கும், ஆனால் மேலே உள்ளது ஓரளவு சுதந்திரமாக வேலை செய்யும். சத்திரசிகிச்சைக்கு எந்த நிலையும் சரியென்றால் பக்கவாட்டைத் தேர்ந்தெடுங்கள். அடிப்பக்க முன்னங்காலை முன்னே இழுத்து வையுங்கள், தோளுக்குக் கீழே தடித்த மெத்தை போடுங்கள், தலைக்கட்டின் இரும்பு வளையம் முகத்து நரம்பை அழுத்தாதபடி கழற்றிவிடுங்கள்.

எங்கள் லாயத்து முற்றத்திலேயே காயடிக்கப் போகிறோம். ஒட்சிசன் கட்டாயமா?

இளம், ஆரோக்கியமான குதிரை, கடற்கரை மட்டத்தில், அரை மணித்தியாலத்துக்குள் முடியும் வேலை என்றால் சாதாரணக் காற்றிலேயே பெரும்பாலானவை சமாளித்துவிடும். உலகெங்கும் வெளியிடங்களில் அப்படித்தான் பெரும்பாலும் நடக்கிறது. சைலசீன் என்ற தூக்க மருந்தைக் கொடுத்து, தலை நன்றாகத் தொங்கிய பிறகு மயக்க மருந்தான கெட்டமினும் தசையைத் தளர்த்தும் டயசிபாமும் நாளத்தில் ஏற்றுவார்கள். ஓரிரு நிமிடத்தில் குதிரை படுத்துவிடும், 15 நிமிடம் போல நேரம் கிடைக்கும். தேவைப்பட்டால் கொஞ்சம் கூட்டலாம். ஒரு மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது.

ஆனாலும் என் கருத்து உறுதியானது: சிலிண்டர் ஒன்று பக்கத்தில் இருக்க வேண்டும், குழாய் பொருத்தித் தயாராக இருக்க வேண்டும். வேலை நீளப்போகிறதென்று முன்கூட்டியே யாருக்கும் தெரியாது. மூக்குத் துவாரம் வழியாக, கண்ணின் உள்மூலை மட்டத்துக்குக் கிட்ட வரை மெல்லிய குழாயைச் செலுத்தி நிமிடத்துக்கு 15 லீற்றர் விடுவது வழக்கம். 15 லீற்றர் பெரிதாகத் தெரியும். 500 கிலோ குதிரை ஒரே மூச்சில் 5 லீற்றருக்கு மேல் இழுக்கிறது, அதுவும் ஓரிரு விநாடியில். ஆகவே உள்ளே போவதில் பெரும்பங்கு வெளிக்காற்றுத்தான், ஒட்சிசன் அதோடு கலந்து உதவி செய்கிறது. 5 லீற்றர் மட்டும் விட்டால் வளர்ந்த குதிரைக்குப் பெரிய பிரயோசனமில்லை.

சிலிண்டர் எவ்வளவு நேரம் வரும் என்று முதலே கணக்குப் பாருங்கள். சிலிண்டரின் நீர்க் கொள்ளளவை மானி காட்டும் அழுத்தத்தால் பெருக்கினால் மிச்சமுள்ள வாயு கிடைக்கும். 10 லீற்றர் சிலிண்டரில் மானி 100 பார் காட்டினால் 1,000 லீற்றர். 15 லீற்றர் வீதம் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேல் போகும். எழும்பும் நேரத்துக்கும் அதில் மிச்சம் வேண்டும்.

கொரோனா காலத்தில் வாங்கிய ஒட்சிசன் செறிவாக்கி வீட்டில் கிடக்கிறது. பாவிக்கலாமா?

நிமிடத்துக்கு 5 லீற்றர் தரும் இயந்திரம் ஒரு குட்டிக்கு உதவும். வளர்ந்த குதிரைக்குப் பத்து லீற்றர் இயந்திரமும் போதாது. மின்சாரம் போனால் அதுவும் நின்றுவிடும். சிலிண்டரே எடுங்கள்.

கெட்டமின் ஏற்றியதும் மூச்சு நின்றுவிட்ட மாதிரி இருந்தது. ஆபத்தா?

கெட்டமினுக்குப் பிறகு குதிரை நெஞ்சை விரித்து மூச்சை உள்ளே பிடித்தபடி கொஞ்ச நேரம் நிற்கும், பிறகு நாலைந்து மூச்சைச் சேர்த்து விடும். பார்ப்பவர் பதறிப்போவார். நாக்கு இளஞ்சிவப்பாக, நாடி திடமாக இருந்தால் ஒரு நிமிடம் வரை பொறுத்துப் பார்க்கலாம். காதுக்குள் விரலை விட்டுச் சுழற்றினாலோ நெஞ்சை அழுத்தி விட்டாலோ சில குதிரைகள் மூச்சை இழுத்துவிடும். நிமிடத்துக்கு நாலு மூச்சுக்குக் கீழே தொடர்ந்து இருந்தால் வைத்தியர் கையில் எடுக்க வேண்டிய நேரம்.

மூச்சுக்குழாய்க்குள் ரியூப் போடுவது எப்படி? கண்ணுக்குத் தெரியாமலே போடுகிறார்களே?

ஆமாம், குதிரையில் அது பார்க்காமல் செய்யும் வேலை. வாய் நீளம், தொண்டை வெகு உள்ளே. முதலில், மயக்குவதற்கு முன்பே, வாயைத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். கடைவாயில் ஒதுக்கிய புல் ரியூப்போடு சேர்ந்து நுரையீரலுக்குள் போனால் நிமோனியாதான். குதிரை படுத்ததும் முன்பற்களுக்கு நடுவே ஒரு துண்டுப் பிவிசி குழாயை வைப்பார்கள். தலையையும் கழுத்தையும் நேர்க்கோட்டில் நீட்டி, நாக்கைப் பக்கத்தால் வெளியே இழுத்து, 26 மில்லிமீற்றர் அளவு ரியூப்பை மேலண்ணத்தின் நடுவால் தள்ளுவார்கள். தடை தட்டினால் பலவந்தப்படுத்தாமல் கொஞ்சம் பின்னே எடுத்து, கால் சுற்றுத் திருப்பி, மீண்டும் தள்ள வேண்டும். சரியான வழியில் போனால் சிரமமில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும்.

போனது மூச்சுக்குழாய்க்குத்தானா? ரியூப்பின் வாயில் உள்ளங்கையை வையுங்கள். நெஞ்சு இறங்கும்போது சூடான ஈரக் காற்று கையில் மோதும். உணவுக்குழாய்க்குள் போயிருந்தால் காற்று வராது, கழுத்தின் இடப்பக்கத்தில் ரியூப் தட்டுப்படும். முற்றத்தில் செய்யும் சின்ன வேலைகளுக்கு எல்லோரும் ரியூப் போடுவதில்லை. ஆனால் பொருத்தமான அளவு ரியூப் பெட்டியில் இல்லாமல் எந்தக் குதிரையையும் படுக்கவைக்கக் கூடாது.

நாக்கில் மாட்டும் கிளிப் 92 காட்டுகிறது. போதுமா?

சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் ஒட்சிசனால் நிறைந்திருக்கின்றன என்பதைத்தான் கிளிப் காட்டுகிறது. அதில் 90 என்பது நாடிக் குருதியின் ஒட்சிசன் அழுத்தம் ஏறக்குறைய 60 மில்லிமீற்றர் இரசமாக இருப்பதற்குச் சமம். அதற்குக் கீழே போனால் திசுக்கள் பட்டினி கிடக்கும். ஆகவே 92 எல்லைக்கு மிகக் கிட்ட. சாதாரணக் காற்றில் கிடக்கும் குதிரைக்கு அந்த எண்ணைப் பார்த்தால் உடனே ஒட்சிசன் தொடங்க வேண்டும். ஏற்கெனவே சுத்தமான ஒட்சிசனில் இருக்கிறது, அப்படியும் 92 என்றால், நுரையீரலில் பெரும்பகுதி மூடிவிட்டது என்று அர்த்தம். கிளிப் நாக்கை அழுத்தியே இரத்த ஓட்டத்தைக் குறைத்துத் தவறான எண் காட்டுவதும் உண்டு. நாக்கை நனைத்து, இடத்தை மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

காபனீரொட்சைட்டைக் காட்டும் கருவி வேறு. நின்றிருக்கும் குதிரையின் குருதியில் அது 40 முதல் 45 மில்லிமீற்றர் இரசம் இருக்கும். வெளிமூச்சில் அளப்பது உண்மையான அளவை விட 10, 15 குறைத்தே காட்டும், கொலிக் குதிரையில் வித்தியாசம் இன்னும் கூடும். நிச்சயமாகத் தெரிய வேண்டுமென்றால் முகத்திலோ பின்னங்காலிலோ உள்ள நாடியில் குருதி எடுத்து வாயு அளவு பார்க்க வேண்டும். பெரிய சத்திரசிகிச்சைக்கு அந்த வசதி இருக்க வேண்டும் என்பேன்.

எப்போது இயந்திரத்தால் மூச்சுக் கொடுக்க வேண்டும்?

காபனீரொட்சைட்டு 60 வரை ஏறினால் பலர் விட்டுவிடுவார்கள். ஓரளவு ஏறுவது இரத்த ஓட்டத்தைத் தூண்டக்கூடச் செய்யும். 70ஐத் தாண்டினால், அல்லது மூச்சு மிக மெதுவாகிவிட்டால், இயந்திரம் வேண்டும். ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிலீற்றர், நிமிடத்துக்கு 6 முதல் 10 தடவை, அழுத்தம் 20 முதல் 30 சென்ரிமீற்றர் நீர், இது வழக்கமான தொடக்கம்.

இதற்கு ஒரு விலை உண்டு. நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறும்போது இதயத்துக்குத் திரும்பும் குருதி குறைகிறது, இரத்த அழுத்தம் இறங்குகிறது. குதிரையில் சராசரி அழுத்தம் 70க்குக் கீழே நீண்ட நேரம் இருந்தால் கீழே கிடக்கும் தசைகள் சேதமாகி, பிறகு எழும்ப முடியாமல் போகும். இரத்த அழுத்தத்தை ஏற்றும் டோபியூட்டமின் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவது இதற்குத்தான். இயந்திரத்தைப் போட்டுவிட்டு இரத்த அழுத்தத்தைப் பார்க்காமல் இருப்பது, ஒட்சிசனைக் குருதியில் ஏற்றிவிட்டு அதைக் கொண்டுபோக வண்டி அனுப்பாத வேலை. இன்னொன்று, இயந்திரம் போடுவதென்றால் தொடக்கத்திலேயே போடுவது நல்லது. அறைகள் மூடிய பிறகு திறப்பது கடினம்.

எல்லாம் செய்தும் ஒட்சிசன் இறங்கிக்கொண்டே போகிறது. என்ன மிச்சம்?

முதலில் எளியவற்றைப் பார்க்க வேண்டும்: சிலிண்டர் காலியா, ரியூப் மடிந்ததா, ரியூப்பைச் சுற்றி ஊதி அடைக்கும் கட்டுப்பை கசிகிறதா, ரியூப் ஒரே நுரையீரலுக்குள் ஆழமாகப் போய்விட்டதா. பிறகு இரத்த அழுத்தம். அதன் பிறகு ஆஸ்துமாக்காரர் பாவிக்கும் சல்பியூட்டமோல் பம்ப் இருக்கிறதே, அதை ரியூப் வழியாக, உள்மூச்சோடு, ஒரு கிலோவுக்கு 2 மைக்ரோகிராம் கணக்கில் கொடுப்பார்கள். 500 கிலோவுக்கு 100 மைக்ரோகிராம் பம்பில் பத்து அழுத்து. பல குதிரைகளில் ஒட்சிசன் நன்றாக ஏறும், சிலவற்றில் நாடி வேகமாகி வியர்க்கும். எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கிற பொருள், பெட்டியில் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்.

மூச்சின் முடிவிலும் அழுத்தத்தை விட்டுவிடாமல் பிடித்துவைப்பது, மூடிய அறைகளைப் பெரிய அழுத்தத்தால் ஊதித் திறப்பது போன்ற முறைகள் வசதியுள்ள வைத்தியசாலைகளுக்கு. தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்தினாலும் பயன் உண்டு. எல்லாவற்றையும் விடச் சிறந்த மருந்து சத்திரசிகிச்சையைச் சீக்கிரம் முடிப்பது. வைத்தியர் அவசரப்படுகிறார் என்று உரிமையாளர்கள் குறைப்படுவதைக் கேட்டிருக்கிறேன். அந்த அவசரம் குதிரைக்காக.

ஏப்ரல் பந்தயத்துக்கு நுவரெலியா கொண்டுபோன குதிரைக்கு அங்கேயே சத்திரசிகிச்சை செய்யலாமா?

உயிருக்கு ஆபத்தான அவசரம் என்றால் வேறு. தள்ளிப்போடக் கூடியதாக இருந்தால் தள்ளிப்போடுங்கள். கொழும்பில் காற்றழுத்தம் 760 மில்லிமீற்றர் இரசம். 1,800 மீற்றருக்கு மேலே உள்ள நுவரெலியாவில் அது சுமார் 610. மூச்சில் உள்ளே போகும் ஒட்சிசனின் அழுத்தம் இங்கே 150 என்றால் அங்கே 118. நின்றபடி இருக்கும் குதிரைக்கு அதனால் பிரச்சினையில்லை. படுக்கவைத்து நுரையீரலையும் நசுக்கினால் கையிருப்பு மளமளவென்று கரையும். கொழும்பில் ஒட்சிசன் இல்லாமல் சமாளித்த அதே வேலை, அதே குதிரை, மலையில் சமாளிக்காமல் போகலாம். அங்கே செய்தே ஆக வேண்டுமென்றால் முதல் நிமிடத்திலிருந்தே ஒட்சிசன் ஓட வேண்டும்.

கொழும்பு வெக்கை மூச்சைப் பாதிக்குமா?

சூடேறிய குதிரை வேகமாக மூச்சு வாங்கும், ஒட்சிசனையும் அதிகம் செலவழிக்கும். விடியற்காலையில், நிழலில், மின்விசிறியோடு செய்யுங்கள்.

பட்டினி போட வேண்டுமா?

வைக்கோலையும் தானியத்தையும் சில மணித்தியாலம் நிறுத்துவது பொது வழக்கம், ஆறு முதல் பன்னிரண்டு வரை ஆளுக்கு ஆள் வேறுபடும். தண்ணீரை நிறுத்தவே வேண்டாம். பட்டினியால் பெருங்குடல் காலியாகிவிடாது, அது மிகப் பெரியது. நீண்ட பட்டினி குடலைக் குழப்பும்.

மூச்சைப் பார்க்க என்று தனி ஆள் வேண்டுமா? வைத்தியரே பார்க்க மாட்டாரா?

கத்தி பிடித்த கை கத்தியில்தான் இருக்க வேண்டும். இந்த நாட்டில் கால்நடை மருத்துவ பீடம் பேராதனையில் ஒன்றே ஒன்று, குதிரைகளும் குறைவு, தினமும் குதிரைக்கு மயக்கம் கொடுத்துப் பழகியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அனுபவம் குறைந்த இடத்தில் கவனத்தைக் கூட்டுவதுதான் நம்மால் முடிந்தது. அந்த ஆள் லாயத்தில் வேலை செய்யும் பையனாகக்கூட இருக்கலாம், ஆனால் அவனுக்கு வேறு எந்த வேலையும் கொடுக்கக் கூடாது. தலைமாட்டில் உட்கார்ந்து ஒரு கையை மூக்குத் துவாரத்திலும் மறு கையைத் தாடையடி நாடியிலும் வைத்திருக்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மூச்சையும் நாடியையும் எண்ணி, ஈறின் நிறத்தைப் பார்த்து, தாளில் எழுத வேண்டும். ஈறை விரலால் அழுத்தி விட்டால் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். எண்ணிக்கை குறைகிறது என்று அவன் சொன்னால் எல்லோரும் கேட்க வேண்டும்.

வேலை முடிந்துவிட்டது. இனிப் பயமில்லைதானே?

இல்லை, பயம் இப்போதுதான் கூட வேண்டும். குதிரையால் வாயால் மூச்சு விட முடியாது, மூக்கு மட்டும்தான் வழி. தலை தாழ்ந்து கிடந்த நேரத்தில் மூக்கின் உள்ளே வீங்கிவிடும். ரியூப்பை எடுத்ததும் அந்த வீக்கம் வழியை அடைத்தால் நிமிடக் கணக்கில் உயிர் போகும். குறட்டை போன்ற சத்தம் வந்தால் பாதி அடைப்பு. நெஞ்சு ஏறி இறங்குகிறது, மூக்கில் காற்றே இல்லை, சத்தமும் இல்லை என்றால் முழு அடைப்பு. அப்போது உடனே மூக்கு வழியே குழாய் போட வேண்டும். இதைத் தவிர்க்கப் பலர் முடிவுக்குச் சற்று முன்பே மூக்கில் வீக்கத்தைக் குறைக்கும் பினைல்எஃப்ரின் மருந்தை விடுவார்கள், அல்லது குதிரை எழுந்து நிற்கும் வரை ரியூப்பையோ மூக்குக் குழாயையோ ஒட்டுநாடாவால் கட்டி விட்டுவைப்பார்கள்.

நிமிடத்துக்கு 15 லீற்றர் ஒட்சிசனைக் குதிரை அசையத் தொடங்கும் வரை நிறுத்த வேண்டாம். இயந்திரத்தில் இருந்த குதிரை தானாக மூச்சு விடத் தொடங்கியதை உறுதிசெய்யாமல் நகரக் கூடாது. இடம் இருட்டாக, அமைதியாக இருக்கட்டும். கூடிநின்று கதைப்பவர்களை வெளியே அனுப்புங்கள். நேரத்துக்கு முன் எழுப்பவும் வேண்டாம்.

படுக்கவைக்காமலே செய்ய முடியாதா?

பலவற்றைச் செய்யலாம். டெட்டோமிடின் போன்ற தூக்க மருந்தும் இடத்தை மரக்கச் செய்யும் ஊசியும் கொடுத்து, நின்றபடியே காயடித்தல், பல் பிடுங்குதல், கண் வேலைகள், சில எலும்பு வேலைகள் கூட நடக்கின்றன. நிற்கும் குதிரையின் நுரையீரல் நசுங்குவதில்லை. குதிரை சாதுவாக, வைத்தியர் அந்த முறையில் பழகியவராக இருந்தால் முதலில் இதைப் பற்றிக் கதையுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு எதைக் கவனிக்க வேண்டும்?

முதல் சில மணித்தியாலத்தில் மூக்கில் நுரை, அதிலும் இளஞ்சிவப்பு நுரை வந்தால் நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது. அது அவசரம், நேரத்தைப் பார்க்காமல் வைத்தியரை அழையுங்கள். ஒரு வாரம் வரை காலையும் மாலையும் உடல் வெப்பம் எடுத்து எழுதுங்கள். 38.5 பாகைக்கு மேல் ஏறினாலோ, இருமல், தீவனத்தில் வெறுப்பு, ஓய்விலேயே வேக மூச்சு கண்டாலோ நிமோனியாவாக இருக்கலாம். சத்திரசிகிச்சைக்கு முன்னரும் பின்னரும் நீண்ட லொறிப் பயணம் செய்த குதிரைகளில் இதை இன்னும் கவனமாகப் பாருங்கள். தலையை உயரக் கட்டிவைத்துக் கொண்டுவந்தால் சளி இறங்க வழியில்லை. வழியில் நிறுத்தித் தலையைத் தாழ்த்தவிட்டு, தண்ணீர் காட்டிவிட்டு, பிறகு வெளிக்கிடுங்கள்.